யானைக்கன்று தத்தெடுப்பு (கென்யா)

யானைக்கன்று தத்தெடுப்பு என்பது தாயை இழந்த ஆப்பிரிக்க யானைக்கன்றுகளின் வளர்ப்புச் செலவில் பொதுமக்கள் பங்கேற்கும் நன்கொடை முறையாகும். இதனைக் கென்யாவின் செல்ட்ரிக் வனவிலங்கு அறக்கட்டளை நடத்துகிறது. வனக்காப்பாளர் டேவிட் செல்ட்ரிக்கின் நினைவாக அவருடைய மனைவி டாப்னி 1977 ஆம் ஆண்டில் இவ்வறக்கட்டளையை நிறுவினார்.

இரண்டு வயதுக்குட்பட்ட கன்று பாலின்றிப் பிழைப்பது அரிது. நைரோபியிலுள்ள காப்பகத்தில் பராமரிப்பாளர்கள் கன்றுகளுக்கு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை பாலூட்டுவர்; இரவிலும் அவற்றுடன் உறங்குவர். வளர்ந்த கன்றுகள் சாவோ தேசியப் பூங்காவிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, படிப்படியாகக் காட்டு யானைகளுடன் சேர்கின்றன.

இத்தத்தெடுப்பு அடையாள அளவிலானது, பரிசாகவும் வழங்கப்படுகிறது. தத்தெடுப்பவர் சான்றிதழையும் கன்றைப் பற்றிய செய்திகளையும் பெறுவார், உரிமை பெறுவதில்லை. ஒரே கன்றைப் பலர் தத்தெடுக்கலாம். கன்று மனிதரை விட்டுக் காடு திரும்புவதே இம்முறையின் நோக்கமாகும்.