துளித்துளியாய் எழும் கணினிக் கடல்

ஜார்ஜ்டவுன் எஸ்பிளனேட் தடுப்புச் சுவரில் அலை மோதிச் சிதறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை அனிமேஷன் படத்தில் உருவாக்குவது எப்படி?

நீரை இலட்சக்கணக்கான துகள்களாகப் பிரிப்பது ஒரு வழி. 1977-இல் லூசி தனியாகவும், கிங்கோல்டும் மோனகனும் இணைந்தும் விண்வெளி ஆய்வுக்காக வகுத்த கணக்கு முறை இது. ஒவ்வொரு துகளும் அண்டைத் துகள்களைக் கொண்டு தன் அடர்த்தியையும் அழுத்தத்தையும் கணித்து நகர்கிறது.

சிக்கல் எண்ணிக்கையில்தான். 1 இலட்சம் துகள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏறக்குறைய 500 கோடி இணைகள் வரும். வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, பக்கத்துக் கட்டங்களில் மட்டும் தேடினால் வேலை பல நூறு மடங்கு குறையும்.

அடுத்த சிக்கல், நீர் எளிதில் சுருங்காது என்பது. அதைச் சரியாகக் காட்ட, காலத்தை மிகச் சிறிய துண்டுகளாக நறுக்கிக் கணக்கிட வேண்டியிருந்தது. 2013-இல் மெக்லினும் முல்லரும் துகள்களின் இடத்தையே நேரடியாகத் திருத்தினர். துண்டுகள் பெரிதானாலும் நீர் நிலைகுலையவில்லை.

படத்தில் அலை கண்ணுக்கு உண்மையாகத் தெரிந்தால் போதும். கடல்தடுப்புச் சுவரை வடிவமைக்கும் பொறியாளருக்கு அது போதாது. மோதும் விசையும் சரியாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் 50-க்கும் மேற்பட்டோரை இழந்த பினாங்குக்கு இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கு அன்று.