ஃபோர்சைட்டில் ஒரு சொட்டு ஆரஞ்சு

டீ ஆறுவதற்குள் ஒன்று செய்து பாருங்கள். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். நகத்தைக் கூர்ந்து பார்த்தால் எதிர்ச்சுவரில் தொங்கும் காலண்டரின் தேதிகள் கலங்கிவிடும். தேதியைப் படிக்கப் போனால் நகம் மங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காட்ட எந்தக் கண்ணாலும் ஆகாது. கைத்துப்பாக்கியில் குறிபார்ப்பவருக்கோ மூன்று பொருள்கள்: கண்ணுக்குப் பக்கத்தில் பேக்சைட்டின் பள்ளம், குழல் நுனியில் ஃபோர்சைட் என்னும் சிறு மேடு, அதற்கும் அப்பால் இலக்கு. என்.சி.சி. முகாமில் ரைஃபிள் பிடித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கம்தான். மூன்றில் ஃபோர்சைட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், இலக்கு கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள்.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். இரண்டு சைட்டுக்கும் நடுவே 16 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஃபோர்சைட் பள்ளத்தின் நடுவிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தூரத்தில் தோட்டா 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழும். அந்த மேட்டைக் கண் தொலைத்துவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

தொலைப்பதும் எளிது. பல துப்பாக்கிகளில் அது வெறும் கறுப்பு. மரநிழலுக்கு முன்னாலோ அடர்நிற இலக்குக்கு முன்னாலோ கறுப்பு கறுப்போடு கலந்துவிடும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கைநீட்டும் தூரமே மெல்ல மங்கத் தொடங்குவதால் சிரமம் இரட்டிப்பு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் ரிவால்வர்கள் சிலவற்றில் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டைப் பதித்தே விற்றது. குளாக் வெள்ளைப் புள்ளி வைத்தது. அமெரிக்காவில் உள்ள சாதாரணத் துப்பாக்கிக்காரர்கள் பலர் நெயில் பாலிஷையோ பொம்மை விமானங்களுக்கு அடிக்கும் எனாமலையோ எடுத்துத் தாங்களே பூசிக்கொள்கிறார்கள்.

என்ன நிறம் என்று கேட்டால் முதலில் எல்லோர் வாயிலும் வருவது சிவப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகப் படுவது 555 நானோமீட்டர் பக்கத்தில் உள்ள மஞ்சள் கலந்த பச்சை. பொழுது சாயச் சாய அந்த உச்சம் நீலப்பச்சைப் பக்கம் நகரும். சிவப்புதான் முதலில் இருண்டுபோகும். செக் விஞ்ஞானி புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்து எழுதியது இது. போதாததற்கு, ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. ஆகவே ஃப்ளோரசென்ட் ஆரஞ்சு, இல்லையென்றால் எலுமிச்சைப் பச்சை. இரண்டையும் பூசிப் பார்த்து உங்கள் கண் சொல்வதைக் கேளுங்கள்.

அந்த ஃப்ளோரசென்ட் வண்ணத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1930-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வசித்த ராபர்ட் ஸ்விட்சர் என்ற இளைஞர் வேலையிடத்தில் விழுந்து அடிபட்டு, பார்வை பாதிக்கப்பட்டு, இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. அவரும் தம்பி ஜோசப்பும் புறஊதா விளக்கை எடுத்துக்கொண்டு அப்பாவின் மருந்துக்கடையில் எந்தெந்தப் பொருள் ஒளிர்கிறது என்று தேடினார்கள். அந்தத் தேடல்தான் பிற்பாடு டே-க்ளோ வண்ணமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத்துக்குத் தரையிலிருந்து அடையாளம் காட்ட அமெரிக்கப் படை அந்த வண்ணத் துணிகளை விரித்தது. சாதாரண ஆரஞ்சு தன்மேல் விழும் ஆரஞ்சு ஒளியை மட்டும் திருப்பித் தரும். இந்த வண்ணமோ புறஊதாவையும் நீலத்தையும் விழுங்கி, அதையும் ஆரஞ்சாக்கி வெளியே விடுகிறது.

ஆனால் இந்த வண்ணங்கள் ஒளி ஊடுருவக்கூடியவை. கறுப்பு இரும்பின் மேல் நேராகப் பூசினால் உள்ளே போன ஒளியைக் கறுப்பு குடித்துவிடும். அழுக்குப் பழுப்புதான் மிஞ்சும். எனவே அடியில் ஒரு கை வெள்ளை. அது நன்றாகக் காய்ந்தபின் மேலே ஆரஞ்சு. இதைத் தெரியாமல் 'இந்த பாலிஷ் சரியில்லை' என்று பாட்டிலைத் தூக்கிப் போடுகிறவர்கள் ஏராளம்.

பூசுவதற்கு முன் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, தோட்டா நுழையும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு துளையையும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். இதில் சலுகையே கிடையாது. பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எண்ணெய்ப் பசையை எடுங்கள். பிளாஸ்டிக் சைட்டில் அசிட்டோன் படக்கூடாது. பிரஷ்ஷை விடப் பல்குச்சி வசதி: நுனியில் ஒரு சொட்டு எடுத்து, உங்களைப் பார்க்கும் முகத்தின் நடுவில் வைத்து, ஓரங்களுக்கு மெல்ல இழுத்துவிடலாம்.

மேல்விளிம்பில் மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். உயரத்தை அளப்பது அந்த விளிம்பு. அங்கே 0.1 மில்லிமீட்டர் வண்ணம் ஏறினால், நாம் மேலே சொன்ன கணக்கில் 25 மீட்டரில் தோட்டா ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இறங்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சின்னப் புள்ளியாக வைத்தால் கண் விளிம்பை மறந்து, புள்ளியையே பேக்சைட்டின் மேல்மட்டத்துக்கு உயர்த்தப் பார்க்கும். புள்ளி விளிம்புக்கு 1.5 மில்லிமீட்டர் கீழே இருந்தால், 10 மீட்டரிலேயே தோட்டா 9 சென்டிமீட்டர் மேலே போய்விடும். முகம் முழுக்கப் பூசி, உச்சியில் மெல்லிய கறுப்புக் கோடு விடுவதே என் விருப்பம்.

இவ்வளவு சொன்னபின், 2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியைப் பாருங்கள். அங்கே ஃபோர்சைட் சுத்தக் கறுப்பு. வெளிர்நிற இலக்கின் முன் கூர்மையான விளிம்புக்குக் கறுப்பை மிஞ்ச எதுவும் இல்லை. நேரமும் நிறைய இருக்கிறது. 1907 முதல் ஒஹையோவின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியப் போட்டிகளைப் போன்றவற்றில் சுடுகிறவர்கள், கார்பைடு விளக்கின் புகையில் சைட்டைக் காட்டிக் கரி படியவைப்பது பழைய வழக்கம். வெயிலில் இரும்பு பளபளத்தால் விளிம்பு தேய்ந்ததுபோல் தெரியும். கரி அந்தப் பளபளப்பை அடக்கிவிடும். எனவே காகித இலக்கில் நிதானமாகச் சுடுகிறவர் வண்ணம் பூச வேண்டாம். நிழலும் வெயிலும் மாறிமாறி வரும் இடத்தில், மேட்டைச் சட்டென்று கண்டுபிடிக்க வேண்டியவருக்குத்தான் ஆரஞ்சு.

முழு இருட்டில் இது உதவாது. அதற்கு ட்ரிட்டியம் என்ற வாயு அடைத்த, தானே ஒளிரும் சைட் வேண்டும். குழல் துடைக்கும் கரைப்பான் பட்டால் நெயில் பாலிஷ் உரிந்துவிடும், வெயிலில் ஃப்ளோரசென்ட் வெளிறவும் செய்யும். வெளிறியதன் மேலேயே பூசிக்கொண்டே போகாமல், சுரண்டி எடுத்து வெள்ளையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.