உறைந்த ஏரியில் ஒரு துணிக்கூடாரம்

ஏரி உறைந்து தரையாகிவிடும். மனிதர்கள் அதன்மேல் நடந்து சென்று, துளையிட்டு மீன் பிடிப்பார்கள். கடலும் குளமும் கண்டு வளர்ந்த எமக்கு இது கதைபோலத் தோன்றலாம். ஆனால், கனடா எல்லையை ஒட்டிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இது நடைபெறுகின்றது. நீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதனிலும் குளிர்ந்த நீரும் பனிக்கட்டியும் மேலே நிற்க, மீன்கள் கீழே உயிர்வாழ்கின்றன.

தையல் பயிற்சி பெறும் எமது சகோதரிகளுக்காகக் கூடாரம் தைக்கும் முறைகளைத் தேடி வாசித்தபோதுதான் இந்தத் தொழிலைப் பற்றி அறிந்தேன்.

முன்னர் அங்குள்ளவர்கள் பலகையால் சிறு வீடு செய்து, வாகனத்தால் ஏரிக்கு இழுத்துச் சென்றார்கள். பாரமான வீடு வைத்த இடத்திலேயே நிற்கும். மீன் வேறிடம் போனாலும் மனிதர் போக முடியாது. 1980களின் தொடக்கத்தில் டேவ் ஜென்ஸ் என்ற மினசோட்டாக்காரர் ஒருவரே இழுத்துச் செல்லக்கூடிய கூடாரமொன்றை வீட்டிலேயே அமைத்தார். அதன் துணியைத் தைத்தவர் அவரது மனைவி பற்சி. பின்னர் அது பெரிய வியாபாரமானது. வெளியே பேசப்படுவது பெரும்பாலும் கணவரின் பெயர்தான். ஆனால், தைத்த துணி இல்லாவிட்டால் அது வெறும் குழாய்க் கூடு என்பதைத் தையல் தெரிந்த நாம் அறிவோம்.

இன்றும் பலர் இதனை வீட்டிலேயே செய்கிறார்கள். பனியில் சறுக்கிச் செல்லும் பிளாஸ்ரிக் தட்டு ஒன்றுதான் அடித்தளம். அதிலேயே இருக்கையும் சாமான்களும் இருக்கும். அதன் இரு பக்கங்களிலும் வளைத்த மெல்லிய உலோகக் குழாய்கள் மூன்றை, மடிந்து எழும்பக்கூடியதாக ஆணியிட்டுப் பொருத்துவார்கள். குழாய்களின் மேல் துணி. குழந்தைத் தள்ளுவண்டியின் மூடியைப்போல அதை முன்னே இழுத்தால் கூடாரம். பின்னே தள்ளினால் வெறும் வண்டி. பிளாஸ்ரிக் குழாயும் மலிவானதே. ஆயினும் கடுங்குளிரில் அது நொறுங்கக்கூடும்.

தையலிலேதான் நுணுக்கம் உண்டு. குழாய் நுழைய உறைபோல மடித்துத் தைக்க வேண்டும். இழுபடும் மூலைகளுக்கு இன்னொரு துண்டு வைத்து இரட்டைத் தையல் போட வேண்டும். அடியில் பாவாடைக் கரைபோல ஒரு முழத் துணியை மேலதிகமாக விட்டு, அதன்மேல் பனியை அள்ளிப் போட்டால் காற்று உள்ளே புகாது. பருத்திக் கன்வஸ் ஈரத்தை உறிஞ்சி உறைந்து விறைத்துவிடும் என்பதால் நைலோன் போன்ற துணியே பாரமில்லாதது. கருமை நிறமானால் உள்ளே இருள் சூழ்ந்து, துளையின் கீழே நீர் தெளிவாகத் தெரியும்.

பனிக்கட்டியை நம்புவதற்கும் அளவு உண்டு. நடந்து செல்வதற்குப் புதிய, தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலத் தடிப்பு இருக்க வேண்டும். வெண்பனி கலந்த கட்டி அதன் அரைப்பங்கு பலம்தான் கொண்டது. ஆகவே நடக்க நடக்கத் துளையிட்டு அளந்து பார்ப்பார்கள். பனி உருகுமுன் கூடாரங்களை அகற்றுவதற்கு அரசு திகதி குறிக்கின்றது.

பனி உடைவது ஓர் ஆபத்து. மூடிய கூடாரத்துக்குள் எரியும் அடுப்பு இன்னோர் ஆபத்து. காற்றோட்டம் இல்லாத இடத்தில் எரியும் நெருப்பு காபன் மொனொக்சைட் வாயுவை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், நித்திரை மயக்கம் என்று தொடங்கி உயிரையே பறித்துவிடும். ஆகவே, அடுப்பு வைப்பவர்கள் கூடாரத்தின் மேலும் கீழும் காற்று வழி விட்டே தைக்கிறார்கள்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. 2009இல் வவுனியா முகாம்களில் தறப்பாளின் கீழ் வாழ்ந்த எமது பெண்களுக்குக் கூடாரம் விளையாட்டுப் பொருளல்ல. தற்காலிகக் கொட்டிலில் மழைக்கு எல்லாப் பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு, உள்ளே கரியடுப்பு வைத்த தாய்மாரைக் கண்டிருக்கிறேன். குளிருக்குப் பிள்ளைகளும் அதன் அருகில்தான் படுப்பார்கள். அங்கே கொல்லும் அதே வாயு இங்கேயும் கொல்லும்.

சகோதரிகளே, தடித்த துணி தைக்கப் பழகினால் படகு மூடி, வாகன மூடி, கடைத் தறப்பாள் எனப் பல வேலைகள் செய்யலாம். அதற்கு முன், இந்த மாரிக்குள் உங்கள் குசினிக் கூரையோரம் ஒன்றும் நிலத்தோரம் ஒன்றுமாகக் காற்று வழி இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையெனில் இன்றே திறந்து விடுங்கள். இரவில் அடுப்புத் தணலை வெளியே வைத்துவிட்டுப் படுங்கள்.