காடு கற்பித்த கல்வி

கல்வி என்றவுடன் ஏடும் எழுத்தும் கல்லூரியுமே நம் நினைவிற்கு வருகின்றன. எழுத்தறியாதாரைக் கல்லாதார் என்று கூறிவிடுதலும் நம்மிடையே வழக்கமாயிற்று. இவ்வழக்கு எத்துணைப் பொருந்தாதது என்பதைப் போர்னியோத் தீவின் மழைக்காடுகளில் வேட்டையாடியும் காட்டுணவு தேடியும் வாழ்ந்து வந்த பெனான் மக்களின் தாவர அறிவு நன்கு விளக்கும். அவர்கள் பெரும்பாலும் மலேசிய நாட்டைச் சேர்ந்த சரவாக் மாநிலத்தின் மலைக்காடுகளில் உள்ளவர்கள்.

முதற்கண் அவர்தம் உணவை நோக்குவோம். நாடோடிகளாய்த் திரிந்த பெனானியர் உழுது பயிரிட்டிலர். மலைச்சரிவுகளிற் கொத்துக் கொத்தாய் வளரும் ஒருவகைச் சாகோப் பனையே அவர்களுக்கு வயலும் களஞ்சியமுமாக இருந்தது. அதனை வெட்டிப் பிளந்து, உட்சோற்றைக் கொத்தித் துகளாக்கி, பிரம்புப் பாயில் இட்டு நீர் வார்த்துக் காலால் மிதிப்பர். கரைந்த மாவு கீழே விரித்த மற்றொரு பாயிற் படியும். அதனை நெருப்பின்மேல் உலர்த்திச் சேமிப்பர். நம் நாட்டுச் சவ்வரிசி இந்நாளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யப்படினும், முற்காலத்தில் மலாய் நாட்டுப் பனைமாவிலிருந்தே வந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இப்பனையை வெட்டுவதிலும் ஒரு முறையுண்டு. ஒரு கொத்தில் முதிர்ந்த தண்டுகளை மட்டும் கொண்டு இளையவற்றை விட்டுவைப்பர். பின்னர்ச் சில ஆண்டுகள் அவ்விடத்தைத் தொடாமல் வேறிடம் பெயர்வர். கொத்து மீண்டும் தழைக்கும். இவ்வாறு பேணிக் காத்தலை அவர்கள் 'மோலோங்' என்பர். கனிமரங்களையும் நஞ்சு மரங்களையும் இங்ஙனமே பேணி, தம் மக்களுக்கு உரிமையாக விட்டுச் செல்வதும் உண்டு.

இனி வேட்டையைக் காண்போம். பெனானியர் ஊதுகுழலால் எய்யும் சிற்றம்புகளின் முனையில் 'தாஜெம்' என்னும் நஞ்சைப் பூசுவர். இஃது அந்தியாரிஸ் என்னும் மரத்தின் பால். பட்டையைக் கீறிப் பாலை வடித்து, மெல்லிய அனலில் வற்றச்செய்து களிம்பாக்குவர். குருதியிற் கலந்தால் இந்நஞ்சு நெஞ்சத் துடிப்பையே நிறுத்திவிடும். உண்ணும் வழியே மிகச் சிறிதளவே உடலிற் சேர்வதால், வேட்டை இறைச்சி உண்பார்க்குத் தீங்கு நேர்வதில்லை.

இம்மரத்தைப் பற்றி ஐரோப்பாவில் வழங்கிய கதை வேறு. 1783ஆம் ஆண்டில் லண்டன் பத்திரிகை ஒன்று, ஜாவாத் தீவிலுள்ள இம்மரத்தைச் சுற்றிப் பல மைல் தொலைவிற்கு எவ்வுயிரும் பிழையாது என்று எழுதிற்று. படித்தவர் பலரும் நம்பினர். பிரெஞ்சு நாட்டுத் தாவர அறிஞர் லெஷெனோ ஜாவாவிற்குச் சென்று நேரில் ஆராய்ந்த பின்னரே உண்மை வெளியாயிற்று. அவ்வுண்மையைக் காட்டு வேட்டுவர் பன்னெடுங் காலமாக அறிந்திருந்தனர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இம்மரம் வளர்கின்றது. ஆங்கு மலைவாழ் மக்கள் அதன் பட்டையைத் தட்டி மரவுரியும் பையும் செய்தனர்.

இத்தகைய அறிவு இன்று தேய்ந்து வருகின்றது. 1950க்குப் பின் பெனானியருட் பெரும்பாலோர் ஊர்களிற் குடியேறினர். மர வாணிகத்தார் காடுகளை வெட்டலாயினர். 1987ஆம் ஆண்டில் பெனானியர் மரம் ஏற்றிச் செல்லும் சாலைகளின் குறுக்கே கழிகளால் தடை கட்டி, ஆண் பெண் குழந்தைகளுடன் நின்றனர். அவ்வாண்டிலேயே அத்தகைய தடையைக் குற்றமாக்கும் சட்டத் திருத்தமும் வந்தது. வெட்டுண்ட காடு பல, எஞ்சியது சில. இன்று முற்றிலும் நாடோடிகளாய் வாழ்வோர் மிகச் சிலரே.

இவ்வறிவை நூல்களில் எழுதிவைத்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். மரத்தின் பெயரையும் பயனையும் எழுதிவைக்கலாம். எதனை இன்று வெட்டலாம், எதனைப் பேரனுக்கென விடலாம் என்னும் தேர்ச்சியோ, மூத்தாரோடு காட்டில் நடந்து பயின்றாலன்றி வாராது. காடு அழியின் அப்பள்ளியே அழியும். ஆதலின், தாவர நூல் பயிலும் மாணவர்கள் உலர்த்திய இலைகளைத் தொகுப்பதோடு அமையாது, அவற்றின் பயனறிந்த மலைவாழ் முதியோரை ஆசிரியராகக் கருதிப் பணிவுடன் கேட்டறிதல் வேண்டும். அவர்கள் காடு அவர்களுக்கு நிலைபெற வேண்டும் என்று பேசுதலும் அக்கல்விக்கு நாம் செலுத்தும் கடனாகும்.