உருக்காமல் தப்பிய தீனார்

ஸகாத் கடமையாகும் தங்கத்தின் அளவு என்னவென்று கேட்டால், "எண்பத்தஞ்சு கிராம், கிட்டத்தட்டப் பத்தரைப் பவுண்" என்று நம்மில் பலர் உடனே சொல்லிவிடுவார்கள். அந்த 85 எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். பழங்காசு சேகரிப்பவன் என்ற வகையில் அதை இங்கே விளக்கலாமென நினைக்கிறேன்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு மண்ணில் புழங்கிய தங்கக் காசு பைசாந்திய ரோமருடையது. வெள்ளிக் காசு பாரசீகருடையது. தீனார் என்ற சொல்லே ரோமரின் 'தெனாரியஸ்' வழி வந்ததுதான். உமையாக் கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் ஆட்சியில் முதலில் அடிக்கப்பட்ட தங்கக் காசுகளும் ரோமக் காசைப் பார்த்துச் செய்தவையே. சிலுவையின் குறுக்குக் கட்டையை மட்டும் எடுத்துவிட்டு வெறும் தூணாக விட்டிருந்தார்கள். அடுத்து, வாளோடு நிற்கும் கலீபாவின் உருவம் வந்தது.

ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696/697) உருவமெல்லாம் போய், எழுத்து மட்டுமே உள்ள தீனார் வெளிவந்தது. ஒரு பக்கத்தில் கலிமா, மறுபக்கத்தில் இக்லாஸ் சூராவின் வசனங்கள், அதன் ஓரத்தில் அடித்த ஆண்டு. கலீபாவின் பெயரோ ஊரின் பெயரோ அதில் இல்லை. ரோமக் காசு ஏறக்குறைய நாலரை கிராம். இதன் எடை 4.25 கிராம்.

ஸகாத்தின் நிஸாப் 20 தீனார், அதாவது 20 மித்கால். ஒரு மித்கால் 72 வாற்கோதுமை மணி எடை என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் சொல்லும். ஆனால் மணி ஊருக்கு ஊர் பெருக்கும், சிறுக்கும். ஆகவே பிற்கால அறிஞர்கள் நூதனசாலைகளில் எஞ்சியிருந்த தீனார்களின் எடையை ஆதாரமாகக் கொண்டார்கள். யூசுஃப் அல்கர்ளாவி 'ஃபிக்ஹுஸ் ஸகாத்' நூலில் ஏற்றுக்கொள்வதும் இந்த வழியைத்தான். 20ஐ 4.25ஆல் பெருக்கினால் 85. யாரோ உருக்காமல் வைத்த காசுகள்தான் இன்று நம் கணக்குக்குச் சாட்சி.

நம் 'பவுண்' கணக்கும் ஒரு காசிலிருந்து வந்ததுதான். 1817இல் இங்கிலாந்து புதிதாக அடித்த சவரின் 22 கரட், எடை 7.98 கிராம். அதுவே நமக்கு எட்டுக் கிராம் பவுண் ஆயிற்று. பிறகு சிட்னி, மெல்பேர்ன், பேர்த் நகரங்களிலும் அதை அடித்தார்கள். 1918இல் மட்டும் பம்பாயிலும் அடித்தார்கள். குதிரை வீரன் உள்ள பக்கத்தில், ஆண்டுக்கு மேலே நிலக்கோட்டில் ஒரு சின்ன எழுத்து இருந்தால் அது காசு பிறந்த ஊரைச் சொல்லும். பம்பாய்க் காசுக்கு 'ஐ'. இலண்டன் காசுக்கு எழுத்தே இல்லை.

உம்மம்மாமாரின் பெட்டகத்தில் இப்படிப்பட்ட காசுகள் இன்னும் இருக்கின்றன. பேத்தியின் கலியாணத்துக்கு வளையல் செய்ய அவற்றைக் கொண்டுபோனால் நகைக்கடையில் நிறுப்பார்களே தவிர வாசிக்கமாட்டார்கள். "எழுத்து எனக்கெதுக்கு சேர், எட முக்கியம்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அவர் தொழிலுக்கு அது சரி. நமக்கு அது போதாது.

தேவைக்கு விற்பதில் குற்றமில்லை. விற்குமுன் இரண்டு பக்கத்தையும் படமெடுங்கள். எடையையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், கொளுக்கி ஒட்டாதீர்கள். இரண்டும் காசின் மதிப்பைக் குறைக்கும். அரபு எழுத்துள்ள காசென்றால் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் உலைக்குக் கொடுக்கவே வேண்டாம். வளையலை எப்போதும் செய்துகொள்ளலாம். உருகிய எழுத்தை மறுபடி வாசிக்க முடியாது.