ஒரு ஜீன்ஸ் பண்ணிய கலாட்டா

சதுரங்கச் செய்தி என்றால் யார் எந்தக் காயை நகர்த்தினார் என்றுதானே கேட்போம்? 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் உலகம் கேட்டது ஒரு கால்சட்டையின் கதையை!

நியூயார்க்கில் உலக ரேபிட் (வேக ஆட்டம்), பிளிட்ஸ் (அதிவேக ஆட்டம்) சதுரங்கப் போட்டிகள். நார்வே வீரர் மாக்னஸ் கார்ல்சன் சட்டை, கோட்டு, ஷூ என்று கச்சிதமாகத்தான் வந்தார். ஆனால் கீழே ஜீன்ஸ். விதிப்படி அது கூடாது. 200 டாலர் அபராதம் விழுந்தது. உடனே மாற்றுங்கள் என்றார்கள். நாளைக்கு மாற்றுகிறேன், இன்றைக்கு முடியாது என்றார் இவர். ஒன்பதாவது சுற்றில் அவருக்கு ஆட்டமே கொடுக்கவில்லை. கோபத்தில் ரேபிட் போட்டியை விட்டே கிளம்பிவிட்டார்.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் அர்காதி துவோர்கோவிச் ரஷ்யாவின் முன்னாள் துணைப் பிரதமர். சமரசம் பேச அவருக்குச் சொல்லியா தரவேண்டும்? கோட்டுக்குப் பொருத்தமான ஜீன்ஸ் என்றால் பரவாயில்லை என்று இறங்கி வந்தார். பிளிட்ஸுக்கு ஜீன்ஸிலேயே திரும்பிய கார்ல்சன், ரஷ்ய வீரர் நெபோம்னியாச்சியோடு பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தக் கூத்தில், இந்திய வீராங்கனை கொனேரு ஹம்பி பெண்கள் ரேபிட் பட்டத்தை இரண்டாம் முறையாக வென்றதும், நம்ம சென்னை வைஷாலி பெண்கள் பிளிட்ஸில் வெண்கலம் வாங்கியதும் கொஞ்சம் அமுங்கித்தான் போயின. அது நியாயமே இல்லை.

சரி, அந்த ஜீன்ஸ் என்ன ஆனது? இபே இணைய ஏலத்தில் 36,100 டாலருக்கு விலைபோனது; பணம் சிறுவர் நலத் தொண்டு அமைப்புக்கு. கட்டச் சொன்ன அபராதத்தைப்போல 180 மடங்கு!