மூணாறு: காண்பதும் கருதுவதும்

விடுமுறை நெருங்கினால் மலைக்குப் போகலாமா என்னும் பேச்சு நம் விடுதிகளில் எழுவது இயல்பு. உதகை என்பர் சிலர். கொடைக்கானல் என்பர் சிலர். மூணாறு என்பர் வேறு சிலர். மூணாற்றை விரும்பும் நண்பர்களுக்கு உதவும் பொருட்டே இக்கட்டுரை. எவ்வழியே செல்வது, எவற்றைக் காண்பது என்பதோடு, காணும்போது எதனை நினைக்க வேண்டும் என்பதையும் கூற விரும்புகிறேன்.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடமாதலின் மூணாறு எனப் பெயர் வந்தது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இவ்வூர் இருக்கிறது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தில் அமைந்தது. ஆயினும் கடைவீதியில் இறங்கியதும் நம் காதில் விழுவது பெரும்பாலும் தமிழே. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

மூணாற்றுக்கு ரயில் இல்லை. ஆனால் அருகில் உள்ள போடிநாயக்கனூர் வரை ரயில் உண்டு. அகலப் பாதை வேலைக்காகப் பல்லாண்டு நின்றிருந்த ரயில், 2023 ஜூன் முதல் மீண்டும் ஓடுகிறது. போடியிலிருந்து பஸ் ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையலாம். அங்கிருந்து பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு. இது கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை. மற்றொரு வழி உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாகச் செல்வது. சின்னாறு காட்டில் யானைகள் சாலையைக் கடப்பதுண்டு. ஆதலின் பகலிலேயே செல்வது நலம். கொச்சியிலிருந்து வருவோர் அடிமாலி வழியே மலை ஏறுவர்.

ஊருக்குள் சுற்றுவதற்கு மூன்று திசைகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு நாளைக்கு ஒரு திசை. முதல் திசை மாட்டுப்பட்டி. சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் மாட்டுப்பட்டி அணை. அப்பால் எதிரொலிப் பாறை, குண்டளை அணை. முடிவில் 32 கிலோமீட்டரில் டாப் ஸ்டேஷன். அங்கு நின்றால் காலடியில் தேனி மாவட்டம் பரந்து கிடப்பதைக் காணலாம். இரண்டாவது திசை மறையூர்ச் சாலை. அதில் இரவிகுளம் தேசியப் பூங்காவும், லக்கம் அருவியும், மறையூரின் சந்தனக் காடும், முனியறைகள் எனப்படும் பழங்காலக் கற்பதுக்கைகளும் உள்ளன. மூன்றாவது, அடிமாலிச் சாலையில் பள்ளிவாசல். 1940-இல் தொடங்கிய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இங்கே இருக்கிறது.

பலர் நாள் வாடகைக்குக் கார் பிடிக்கின்றனர். மாணவர்களாகிய நமக்குப் பஸ்ஸே ஏற்றது. பழைய மூணாற்றில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனிப் பஸ்களும் அங்கிருந்து புறப்படுகின்றன. பஸ் போகாத எஸ்டேட்டுகளுக்கு ஜீப்பே துணை.

இரவிகுளத்தில் நம் வண்டிகளை உள்ளே விடுவதில்லை. வாயிலில் இறங்கி, வனத்துறையின் பஸ்ஸில் ராஜமலைக்குச் செல்ல வேண்டும். உலகில் நீலகிரி வரையாடுகள் மிகுதியாக வாழும் இடம் இது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு நம் அருகிலேயே அச்சமின்றி மேயும் காட்சி மறக்க முடியாதது. ஆனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆடுகள் குட்டி ஈனும் ஆதலால் பூங்கா வழக்கமாக மூடப்படும். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடியும் (8,842 அடி) இங்குதான். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மண்சரிவும் மிகுதி. டிசம்பர், ஜனவரியில் கடுங்குளிர். கம்பளிச் சட்டை இன்றிச் செல்லற்க.

இனி, தமிழ் ஒலிப்பதன் காரணத்திற்கு வருவோம். 1877-இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து இம்மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். சில ஆண்டுகளில் தேயிலை வந்தது. காட்டை அழிக்கவும், செடி நடவும், கொழுந்து பறிக்கவும் ஆள் வேண்டுமே! கங்காணிகள் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளில் வறுமையால் வாடிய மக்களைத் திரட்டி மலையேற்றினர். விளைந்த தேயிலை 1902-இல் அமைத்த ஒற்றைத் தண்டவாளத்திலும், 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்குச் சிறு ரயிலிலும் டாப் ஸ்டேஷனுக்கு வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தது. கம்பிவடத்தின் மேல் நிலையம் ஆதலால்தான் அது டாப் ஸ்டேஷன். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடியோடு அழித்துவிட்டது. நல்லதண்ணியில் உள்ள தேயிலைக் காட்சியகத்தில் அக்காலத்துப் பொருள்களைக் காணலாம்.

நாம் படம் பிடிக்கும் பச்சைக் கம்பளத்தை நாள்தோறும் கத்தரித்துச் சீர்படுத்துவோர் அம்மக்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் குடியிருப்பது லயம். அது தோட்டத்துக்குச் சொந்தம். வேலை ஓய்ந்து, குடும்பத்தில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லையாயின் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒரு வாழ்நாள் உழைத்த மலையில் சொந்தமென்று ஒரு பிடி மண் இல்லை! 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, ‘பொம்பிளை ஒருமை’ என்று தாமே திரண்டு, மூணாற்றின் நெடுஞ்சாலையை மறித்து 20 சதவிகித போனஸுக்காகப் போராடினர். ஒன்பது நாளில் வென்றனர்.

ராஜமலையில் வனத்துறையின் பஸ் நின்றுவிடும், சாலை நிற்பதில்லை. அது பெட்டிமுடிக்குச் செல்கிறது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பெருமழையில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. தொலைபேசி இயங்கவில்லை, மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மாண்டோர் பலரின் பூர்விக ஊர் கயத்தாறு. அவர்களை ராஜமலையிலேயே அடக்கம் செய்தார்கள்.

வரையாட்டைக் கண்டு மகிழ்வதில் தவறில்லை. ஆனால் அந்த இடத்தில் நிற்கும்போது இதனையும் நினைவிற் கொள்க. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கொழுந்துக்காரம்மா ஒருவர் அமரக்கூடும். “எந்த எஸ்டேட் அம்மா? சொந்த ஊர் எது?” என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊராகவும் அது இருக்கலாம். எந்த வழிகாட்டி நூலும் சொல்லாத மூணாற்றை அவர் உங்களுக்குச் சொல்வார்.